சலுகையிலிருந்து உரிமைக்கு: பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களும் அது விட்டுச்சென்ற மரபும்

ஐரோப்பிய வரலாற்றிலே புரட்சிகள் பல நிகழ்ந்துள்ளன. எனினும் 1789ஆம் ஆண்டிற் பிரான்சிலே தொடங்கிய புரட்சியைப் போல இடையறாது விவாதிக்கப்பட்டு வந்த புரட்சிகள் மிகச் சிலவேயாகும். 1790இல் எட்மண்ட் பேர்க் அதனைக் கண்டித்து நூலெழுதினார். அடுத்த ஆண்டிலேயே தோமஸ் பெயின் மனித உரிமைகளை முன்வைத்து அதற்கு மறுப்பெழுதினார். அன்று மூண்ட சொற்போர் இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் யாவை என வினவினால், அரச குடும்பத்தின் ஊதாரித்தனம், குடியானவரின் வறுமை, மத்தியதர வகுப்பாரின் எழுச்சி, வோல்டேயர், ரூசோ முதலியோரின் சிந்தனைகள் என ஒரு பட்டியலைத் தருவது வழக்கமாகிவிட்டது. இப்பட்டியல் பிழையானதன்று, ஆனாற் போதுமானதுமன்று. ஊதாரி மன்னரும் வறிய குடியானவரும் அக்கால ஐரோப்பாவிலே எங்குமிருந்தனர். பிரெஞ்சுக் குடியானவரின் நிலை பிரசியாவினதும் உருசியாவினதும் பண்ணையடிமைகளின் நிலையிலும் மேம்பட்டதாகவே இருந்தது. அவ்வாறாயின் புரட்சி பிரான்சிலே, அதுவும் 1789இலே, வெடித்ததேன்? வினா இதுவாயின், பட்டியல் விடையாகாது.

புரட்சியின் காரணங்களை ஓர் அதிகாரமாகவும் விளைவுகளை மற்றோர் அதிகாரமாகவும் பிரித்துப் படிப்பதும் நம்மிடையே வழக்கமாகவுள்ளது. இவை இரண்டையும் ஒரே வினா இணைக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஒரு சமுதாயத்தில் மனிதனுக்குரிய இடத்தைத் தீர்மானிப்பது எது? பிறப்பாலும் ஊராலும் தொழிலாலும் அவன் பெற்ற சலுகையா, அல்லது மனிதன் என்ற வகையில் அவனுக்குள்ள உரிமையா? பழைய அமைப்பு இவ்வினாவிற்கு விடை கூறமுடியாது வீழ்ந்தது. புரட்சி விடை கூறியது. ஆனால் அவ்விடையை அதுவே முழுமையாக ஏற்கவில்லை. அதன் மரபு முழுவதும் இம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தது.

சலுகைகளாலான சமுதாயம்

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சிலே ஏறத்தாழ 2 கோடி 80 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சட்டத்தின்படி அவர்கள் குருமார், பிரபுக்கள், ஏனையோர் என மூன்று வகுப்பினராவர். முதலிரு வகுப்பினரும் சலுகை பெற்றோர், மூன்றாம் வகுப்பினர் சலுகையற்றோர் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. உண்மை நிலை இதனிலுஞ் சிக்கலானது. சலுகை என்பது மேல்மட்டத்தினரின் தனிச்சொத்தாக மட்டும் இருக்கவில்லை. அதுவே அச்சமுதாயம் முழுவதையும் பிணைத்திருந்த நூலாகும்.

நாட்டின் நிலத்திற் பத்திலொரு பங்கை உடைமையாகக் கொண்டிருந்த திருச்சபை, வரிக்குப் பதிலாகத் தானே தீர்மானித்த நன்கொடையொன்றை மன்னனுக்கு வழங்கியது. 'தை' எனப்பட்ட பிரதான நேர்வரியிலிருந்து பிரபுக்கள் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தனர். பிரித்தனி, லாங்டொக் போன்ற மாகாணங்கள் தமது மன்றங்கள் வாயிலாக வரிபற்றி மன்னனோடு பேரம் பேசின. உப்பு வரி ஒரு மாகாணத்திற் கடுமையாகவும், அடுத்த மாகாணத்தில் இலேசாகவும், பிரித்தனியில் அறவே இல்லாமலும் இருந்தது. நகரங்களுக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. கைவினைச் சங்கங்கள் தத்தம் தொழிலிலே பிறர் புகாவண்ணம் காத்துக்கொண்டன. நீதிபதிப் பதவி உட்படப் பல்லாயிரம் அரச பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. செல்வம் படைத்த வணிகன் அத்தகைய பதவியொன்றை வாங்கிக் காலப்போக்கிற் பிரபுவாகவும் மாறினான்.

ஆகவே மத்தியதர வகுப்பார் அனைவரும் பிரபுத்துவத்தை ஒழிக்கத் துடித்தனர் எனக் கொள்வது பொருந்தாது. அவருட் பலர் அதனுட் புகுவதற்கே விழைந்தனர். அவ்வாயில் ஒடுங்கிய பொழுதுதான் வெறுப்பு மூண்டது. நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் உடையோரே படையதிகாரிகளாக நேரடியாக நியமனம் பெறலாம் என 1781இல் விதிக்கப்பட்டமை இத்தகைய ஒடுக்கத்திற்கு எடுத்துக்காட்டாகும்.

திறைசேரியின் நெருக்கடி

இவ்வமைப்பைக் குலைக்க முதலில் முயன்றவர் புரட்சியாளரல்லர்; மன்னனின் அமைச்சர்களேயாவர். அமெரிக்க சுதந்திரப் போரிலே பிரித்தானியாவுக்கெதிராகப் பிரான்சு பங்குபற்றியது. நூறு கோடி இலிவருக்கும் மேற்பட்ட அப்போர்ச்செலவு பெரும்பாலும் கடனாகவே திரட்டப்பட்டது. 1788ஆம் ஆண்டளவில் அரசின் செலவில் ஏறத்தாழ அரைப்பங்கு கடன் தொடர்பான கொடுப்பனவுகளுக்கே சென்றது. அரச மாளிகையின் ஆடம்பரம் மக்களின் வெறுப்பைக் கிளறியதாயினும், செலவுக் கணக்கில் அதன் பங்கு சிறிதேயாகும். அரசை முறித்தது கடனே.

பிரான்சு வறிய நாடன்று. அதன் செல்வத்தை வரியாகத் திரட்டும் வழிகளே சலுகைகளால் அடைபட்டிருந்தன. 1786இல் நிதிப் பொறுப்பாளர் கலோன், நிலமுடையோர் அனைவருஞ் செலுத்தும் பொது நிலவரியொன்றை மன்னனிடம் முன்வைத்தார். 1787 பெப்ரவரியிற் கூடிய பிரமுகர் சபை அதற்கிணங்கவில்லை. அவரின் பின்வந்த பிரியனின் முயற்சியைப் பாரிசின் பாளமொன் எனப்பட்ட உயர்நீதிமன்றம் தடுத்தது. புதிய வரிக்கு இணங்கும் அதிகாரம் நாட்டு மக்களின் பொதுமன்றத்திற்கே உண்டு என அது வாதிட்டது.

இவ்விடத்திலேதான் வரலாற்றின் நகைமுரண் வெளிப்படுகின்றது. தம் சலுகையைக் காக்க முனைந்த நீதிபதிகள் அதனைச் சலுகை என்று கூறவில்லை; சுதந்திரம் என்றும் தேசத்தின் இணக்கம் என்றும் கூறினர். மக்களும் அவர்களைத் தம் காவலரெனப் போற்றினர். 1788 யூனில் கிறெனோபிள் நகர மக்கள் கூரையோடுகளைப் படையினர்மீது வீசி நீதிமன்றத்தைப் பாதுகாத்தனர். 1788 ஓகத்தில் அரசு தன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தி, பொதுமன்றத்தை 1789 மேயிற் கூட்டுவதாக அறிவிக்க நேர்ந்தது. அம்மன்றம் இறுதியாகக் கூடியது 1614இலாகும்.

அதே ஆண்டு செப்டம்பரிலே பாரிசு நீதிமன்றம், பொதுமன்றம் 1614இற் போன்றே அமைதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மூன்று வகுப்பினரும் தனித்தனியே கூடி வகுப்புக்கொரு வாக்களிப்பின், சலுகை பெற்ற இரு வகுப்பினரும் எஞ்சிய ஒரு வகுப்பினரை என்றும் தோற்கடிக்கலாம். நேற்று வரை சுதந்திரத்தின் காவலராயிருந்தோர் ஒரே நாளிற் சலுகையின் காவலராகத் தோன்றினர். மன்னனுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான வழக்கு, சலுகையுடையோருக்கும் ஏனையோருக்கும் இடையிலான வழக்காக மாறியது. 1789 சனவரியில் வெளியான தமது சிறுநூலிலே சியெயேசு என்ற குரு, மூன்றாம் வகுப்பினரே தேசம் முழுமையுமாவர் என வாதிட்டார். சலுகையுடையோன் பொதுச் சட்டத்திற்குப் புறம்பானவன். ஆதலால் தேசத்திற்கும் புறம்பானவன் என்பதே அவர் வாதத்தின் சாரமாகும்.

சிந்தனையும் பசியும்

சிந்தனையாளர் புரட்சியை உண்டாக்கினர் என்பது மிகைக்கூற்று. மொன்தெசுக்கியூ, வோல்டேயர், ரூசோ ஆகிய மூவரும் 1789இன் முன்னரே காலமாகிவிட்டனர். அவர்களுள் எவரும் புரட்சிக்குத் திட்டம் வகுத்தவரல்லர். ஆயினும் அவர்கள் ஒரு சொற்களஞ்சியத்தை விட்டுச்சென்றனர். தேசம், குடிமகன், பொதுவிருப்பு, இயற்கையுரிமை என்னுஞ் சொற்கள் நிதி நெருக்கடி தோன்றிய வேளையில் ஆயத்தமாயிருந்தன. கணக்குப் புத்தகத்திலே தோன்றிய சிக்கலொன்று மனிதவுரிமை பற்றிய வினாவாக உருமாறுதற்கு இச்சொற்களே உதவின.

சொற்கள் மட்டும் போதியனவாயிருப்பின் புரட்சி மண்டபத்துள்ளேயே முடிந்திருக்கும். அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தது பசியாகும். 1788 யூலையிற் பெய்த கல்மழை பாரிசைச் சூழ்ந்த வயல்களை அழித்தது. அதனைத் தொடர்ந்த மாரிகாலம் மிகக் கடுமையாயிருந்தது. வழக்கமாக 8 சூவுக்கு விற்கப்பட்ட நாலு இறாத்தற் பாணின் விலை 1789 பெப்ரவரியில் 14½ சூவாக உயர்ந்தது. தொழிலாளியின் நாட்கூலியிற் பெரும்பங்கு பாணுக்கே சென்றது. பிற பொருள்களை வாங்குவாரின்றி நெசவுத்தொழில் தளர்ந்தது. 1786இல் இங்கிலாந்துடன் செய்யப்பட்ட வணிக உடன்படிக்கை அத்தளர்ச்சியை மேலும் மோசமாக்கியது. தானிய விலை உச்சத்தை அடைந்த காலமும் பஸ்தீய் கோட்டை வீழ்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் லபுறூஸ் எடுத்துக்காட்டினார்.

1789: சலுகை சரிந்த கோடை

1789 மே 5ஆந் தேதி பொதுமன்றம் வெர்சாயிலே கூடியது. யூன் 17இலே மூன்றாம் வகுப்பினர் தம்மைத் தேசிய மன்றமெனப் பிரகடனஞ் செய்தனர். மூன்று நாள்களின் பின், பந்தாட்ட மண்டபமொன்றிற் கூடி, நாட்டிற்கோர் அரசியல் யாப்பை வகுக்கும்வரை பிரிவதில்லையெனச் சபதமேற்றனர். இப்பிரதிநிதிகளுட் பெரும்பாலோர் சட்டத்தரணிகளும் அரச பதவியாளருமேயாவர். வணிகரும் கைத்தொழில் முதலாளிகளும் சிறுபான்மையினர். முதலாளித்துவ வகுப்பின் புரட்சி என்ற மரபான விளக்கத்தை அல்பிரட் கொபன் 1960களில் எதிர்த்த பொழுது இச்செய்தியையே சான்றாக முன்வைத்தார்.

யூலை 14இலே பஸ்தீய் வீழ்ந்த பொழுது அதனுட் சிறையிருந்தோர் எழுவர் மட்டுமே. ஆயினும் மன்னன் தன் படைகொண்டு மன்றத்தைக் கலைக்க இயலாது என்பதை அந்நாள் உறுதிசெய்தது. அதன்பின் நாட்டுப்புறமெங்கும் அச்சம் பரவியது. பிரபுக்கள் கொள்ளையரை ஏவி விளைச்சலை அழிக்கின்றனரென்ற வதந்தியால் எழுந்த குடியானவர், நிலமானியக் கடப்பாடுகள் பதியப்பட்டிருந்த ஏடுகளைத் தேடி எரித்தனர். அந்நெருப்பின் ஒளியிலேயே ஓகத்து 4ஆந் தேதி இரவு மன்றத்தினர் சலுகைகளைத் துறந்தனர். பிரபுக்களின் சலுகைகளோடு நகரங்களினதும் மாகாணங்களினதும் சலுகைகளும், பதவி விற்பனையும், திருச்சபையின் தசமபாகமும் வீழ்ந்தன. எனினும் நிலத்தின்மீதான பல கடப்பாடுகளைக் குடியானவன் பணங்கொடுத்தே மீட்கவேண்டுமென விதிக்கப்பட்டது. அவை இழப்பீடின்றி முற்றாக ஒழிந்தது 1793 யூலையிலாகும். அந்நான்கு ஆண்டுகளும் குடியானவர் எதிர்த்து நின்றிராவிடின் அதுவும் கைகூடியிராது.

ஓகத்து 26இல் நிறைவேறிய மனிதனதும் குடிமகனதும் உரிமைப் பிரகடனம் 17 உறுப்புரைகளைக் கொண்டது. மனிதர் யாவரும் உரிமையிற் சமமாகப் பிறக்கின்றனர் என்ற கொள்கை அதன் முதலுறுப்புரையில் இடம்பெற்றது. வரி அவரவர் வலுவிற்கேற்பப் பகிரப்படல் வேண்டும், குடிமக்கள் அதற்கு இணங்கும் உரிமையுடையோர் என்ற விதிகளும் அதிலேயே உள்ளன. திறைசேரியின் வினா மனிதவுரிமைச் சாசனத்துள்ளே விடை பெற்றிருப்பதை இங்கு காணலாம்.

'மனிதன்' என்போன் யார்?

சலுகை வரையறை உடையது. இன்னார்க்கு, இவ்விடத்தில், இவ்வளவு எனக் கூறுவது. மனிதவுரிமைக்கு அத்தகைய வேலியில்லை. ஒருமுறை மனிதன் என்ற பொதுச்சொல்லால் உரிமை பேசப்பட்ட பின், விலக்கப்பட்டோர் ஒவ்வொருவரும் யாமும் மனிதரல்லமோ எனக் கேட்பது தவிர்க்கமுடியாததாகும். பிரகடனத்தை இயற்றியோர் இதனை முற்றாக எதிர்பார்த்தனர் எனக் கூறமுடியாது.

முதலிற் கேட்டோர் வறியோர். 1791ஆம் ஆண்டு அரசியல் யாப்பு, 25 வயதடைந்து, மூன்று நாட் கூலிக்குச் சமமான நேர்வரி செலுத்தும் ஆடவருக்கே வாக்குரிமை அளித்தது. ஏறத்தாழ 43 இலட்சம் பேர் செயற்படு குடிமக்களாயினர்; ஏனையோர் செயலற்ற குடிமக்கள் எனப்பட்டனர். அதே ஆண்டிலே நிறைவேறிய லெ சப்பலியே சட்டம் தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடைசெய்தது. பழைய கைவினைச் சங்கங்களின் சலுகை மீண்டும் தலைதூக்கக் கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயமாகும். சலுகையை ஒழிக்க எடுத்த வாள் தொழிலாளியின் கையையும் வெட்டியது. வேலைநிறுத்தவுரிமை 1864இலும் தொழிற்சங்கவுரிமை 1884இலுமே பிரான்சிற் கிடைத்தன.

அடுத்துக் கேட்டோர் பெண்கள். 1789 ஒக்ரோபரிற் பாரிசிலிருந்து வெர்சாய்க்கு நடந்து சென்று மன்னனைத் தலைநகருக்குக் கொணர்ந்தோர் அவர்களே. 1791இல் ஒலிம்ப் த கூச், ஆடவரின் பிரகடனத்தை உறுப்புரைக்கு உறுப்புரை அடியொற்றிப் பெண்ணுரிமைப் பிரகடனமொன்றை எழுதினார். 1793 ஒக்ரோபரிலே பெண்களின் கழகங்கள் தடைசெய்யப்பட்டன. அடுத்த மாதம், தம் அரசியல் எழுத்துகளின் பொருட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்ட கூச் கொலைக்கருவிக்கு இரையானார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இலாகும். இலங்கைப் பெண்கள் 1931இலேயே அவ்வுரிமையைப் பெற்றுவிட்டனர் என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

எல்லோரினுங் கடுமையாகக் கேட்டோர் அடிமைகள். கரிபியன் கடலிலிருந்த சான் தொமிங் என்ற குடியேற்ற நாடு சீனியாலும் கோப்பியாலும் பிரான்சின் துறைமுக நகரங்களைச் செழிப்பித்தது. அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் ஆபிரிக்க அடிமைகள் இருந்தனர். 1791 ஓகத்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1793இலே அங்கிருந்த பிரெஞ்சு ஆணையாளர் விடுதலையை அறிவிக்க நேர்ந்தது. 1794 பெப்ரவரி 4இலே பாரிசின் தேசிய சமவாயம் தன் குடியேற்ற நாடுகள் யாவற்றிலும் அடிமைமுறையை ஒழிப்பதாகச் சட்டமியற்றியது. பாரிசு விடுதலையை வழங்கியது என்பதிலும், அடிமைகள் வென்றெடுத்ததைப் பாரிசு ஏற்றுக்கொண்டது என்பதே பொருத்தமாகும். சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938இல் எழுதிய 'கறுப்பு யக்கொபினர்' என்னும் நூல் இவ்வுண்மையை வரலாற்றுலகிற்கு உணர்த்தியது.

1802இல் நெப்போலியன் அடிமைமுறையை மீட்டான். விடுதலைத் தலைவர் தூசென் லுவெர்த்தூர் சிறைப்பட்டு, 1803இலே பிரான்சின் மலைக்கோட்டையொன்றில் இறந்தார். ஆயினும் அவர்தம் மக்கள் நெப்போலியனின் படையைத் தோற்கடித்து 1804 சனவரி 1இலே எயிற்றி என்ற சுதந்திர நாட்டை நிறுவினர். 1825இலே பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் உடைமையாளரின் இழப்பிற்கென 15 கோடி பிராங்கைக் கேட்டது. 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்ட போதிலும், அதற்கெனப் பெற்ற கடனின் சுமை இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. உடைமையும் உரிமையே எனப் பிரகடனத்தின் இறுதியுறுப்புரை கூறிற்று. மனிதனையே உடைமையாகக் கொண்டிருந்தவனுக்கும் அதன் பயன் கிடைத்தமை புரட்சி மரபின் ஆறாத வடுவாகும்.

பிரிக்கவொண்ணாத் தேசமும் பல மொழிகளும்

ஓகத்து 4ஆந் தேதி இரவு மாகாணச் சலுகைகள் வீழ்ந்ததைக் கண்டோம். 1790இலே பழைய மாகாணங்கள் 83 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. சட்டம், வரி, அளவைகள் யாவும் நாடெங்கும் ஒன்றாதல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதன் நன்மைகள் வெளிப்படையானவை. ஆனாற் பிரித்தனியரும் பாஸ்கரும் ஒக்சித்தானிய மொழி பேசுவோரும் அல்சாசின் செருமானிய மொழியினரும் வாழ்ந்த நாட்டில், சமத்துவம் என்பது ஒருமைத்தன்மையாகப் பொருள்கொள்ளப்பட்ட பொழுது புதியதொரு சிக்கல் எழுந்தது.

யூதருக்குக் குடியுரிமை வழங்குவது பற்றிய விவாதத்திலே இச்சிக்கல் முதலில் தலைகாட்டியது. தனிமனிதர் என்ற வகையில் யூதருக்கு எல்லாவுரிமைகளும் உண்டு, தனியொரு சமூகம் என்ற வகையில் எதுவுமில்லை என்னுங் கருத்தைக் கிளெர்மொன் தொனேர் 1789 திசெம்பரில் வெளியிட்டார். 1791 செப்டம்பரிலே யூதர் யாவருங் குடியுரிமை பெற்றனர். அக்கால ஐரோப்பாவில் இது மாபெருஞ் சாதனையே. எனினும் சமூகமாக வாழும் உரிமை எதுவும் அதனோடு வழங்கப்படவில்லை.

மொழித்துறையில் இப்போக்கு மேலுந் தெளிவாகின்றது. 1790 சனவரியிலே தேசிய மன்றம் தன் சட்டங்களை வட்டார மொழிகளிற் பெயர்க்கப் பணித்தது. நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. போரும் உள்நாட்டுக் கலகமும் சூழ்ந்த வேளையிலே வட்டார மொழிகள் எதிர்ப்புரட்சியின் புகலிடங்களாகக் கருதப்பட்டன. 1794 யூனிலே கிறெகுவார் என்ற குரு சமவாயத்திற்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். குறைந்தது 60 இலட்சம் மக்கள் பிரெஞ்சு மொழியை அறியார், அதனைச் செம்மையாகப் பேசுவோர் 30 இலட்சத்தினரே எனக் கணித்த அவர், வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுமொழியாக்க வேண்டுமென வற்புறுத்தினார். அடுத்த மாதமே பொது ஆவணங்கள் யாவும் பிரெஞ்சிலேயே எழுதப்படல் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது.

கிறெகுவார் கொடுமனத்தரல்லர். யூதர் குடியுரிமைக்கும் அடிமைமுறை ஒழிப்பிற்கும் முன்னின்று உழைத்தவர் அவர். சட்டத்தை விளங்காத குடிமகன் அதனை இயற்றுவதிற் பங்குகொள்ள முடியாது என்பதே அவருடைய கவலை. நன்னோக்கம் கொண்ட ஒருவரே ஒரு நாட்டின் மொழிகளை அழிக்குமாறு கோரியமைதான் இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்கது. சட்டத்தை மக்களின் மொழிக்குக் கொண்டு செல்வதும் சமத்துவமாகும். மக்களைச் சட்டத்தின் மொழிக்கு இழுத்து வருவதும் சமத்துவமெனப்படலாம். புரட்சி முதலாவது வழியிலே தொடங்கி இரண்டாவது வழியிற் சென்றது. 1880களிலே கட்டாயக் கல்வி பரவிய பொழுது அவ்வழி பள்ளிக்கூடத்தின் வாயிலாக ஒவ்வோர் ஊரையும் அடைந்தது. 1992இலே பிரெஞ்சே குடியரசின் மொழியென அரசியல் யாப்பில் எழுதப்பட்டது. வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வமென 2008இலே அதே யாப்பு ஏற்றபோது, அம்மொழிகளுட் பல பேசுவாரை இழந்து நலிந்திருந்தன.

உரிமையின் பெயரால் வன்முறை

புரட்சியின் மரபைப் பேசுவோர் பயங்கர ஆட்சியைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. 1792இற் போர் மூண்டது, முடியாட்சி வீழ்ந்தது. 1793 சனவரியிலே 16ஆம் லூயி கொல்லப்பட்டான். எல்லையிற் பகைவர், வாந்தேயிற் கலகம், பாரிசிற் பாண்பஞ்சம் ஆகியன ஒருங்கே நெருக்கிய வேளையிலே பொதுப்பாதுகாப்புக் குழு அதிகாரத்தைக் குவித்துக்கொண்டது. ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய 1793ஆம் ஆண்டு யாப்பு நடைமுறைக்கு வராமலே ஒத்திவைக்கப்பட்டது. மரணதண்டனைத் தீர்ப்புகளால் மட்டும் ஏறத்தாழ 16,600 பேர் கொல்லப்பட்டனர். விசாரணையின்றியும் சிறைகளிலும் வாந்தேயிலும் மாண்டோர் இதனிற் பன்மடங்கினராவர். 1794 யூலையில் றொபஸ்பியரும் அதே கருவிக்கு இரையானார்.

இதனைச் சூழ்நிலையின் விளைவென்றனர் சொபூல் முதலியோர்; புரட்சியின் அரசியற் சொல்லாட்சியிலேயே இதற்கான வித்திருந்தது என்றார் பிரான்சுவா பியூரே. இரண்டிலும் உண்மையுண்டு. போரில்லையாயின் இத்துணைக் குருதி சிந்தியிராது. எனினும், தேசம் ஒன்று, அதன் விருப்பும் ஒன்று என ஏற்றபின், மாறுபடுவோன் எதிர்க்கட்சியினனாகத் தோன்றுவதில்லை, துரோகியாகவே தோன்றுகின்றான். சலுகையுடையோன் தேசத்திற்குப் புறம்பானவன் எனச் சியெயேசு எழுதிய பொழுது அது வாதமாகவே இருந்தது. நான்காண்டுகளின் பின் அதே தருக்கம் தீர்ப்பாயிற்று.

நிலைத்தவை

1799 நவெம்பரில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதோடு புரட்சி முடிந்தது எனலாம்; அதன் வேலை முடியவில்லை. 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டக்கோவை சட்டத்தின்முன் ஆடவரின் சமத்துவத்தையும் உடைமையையும் நிலைநாட்டியது. மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படுத்தியது. பத்தின் அடிப்படையிலமைந்த அளவை முறை உலகெங்கும் பரவியது. இடதுசாரி, வலதுசாரி என நாம் வழங்குஞ் சொற்கள் 1789ஆம் ஆண்டு மன்றத்தின் இருக்கை ஒழுங்கிலிருந்து பிறந்தவையாகும். பிரெஞ்சு அரசின் மத்திய அதிகாரம் முன்னரிலும் வலுப்பெற்றது. மன்னர் தொடங்கிய மையப்படுத்தலைப் புரட்சி அறுக்கவில்லை, நிறைவுசெய்தது என 1856இல் தொக்வில் எழுதியது இன்றும் மறுத்தற்கரியது.

புரட்சியின் அலை இலங்கைக் கரையையும் தொட்டது. 1795 சனவரியிலே பிரெஞ்சுப் படைகளின் துணையோடு ஒல்லாந்திலே பத்தாவியக் குடியரசு தோன்றியது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒல்லாந்து ஆளுநர் ஐந்தாம் வில்லியம், குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடுமாறு கியூ மாளிகையிலிருந்து கடிதம் எழுதினார். அதனைக் காரணங்காட்டி வந்த ஆங்கிலேயர் 1795இலே திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் 1796 பெப்ரவரியிற் கொழும்பையும் கைப்பற்றினர். 1802ஆம் ஆண்டு அமியன் உடன்படிக்கை அவ்வாட்சியை உறுதிசெய்தது. புரட்சியின் போர் நம்மை வந்தடைந்தது. புரட்சியின் பிரகடனம் அக்கப்பல்களில் வரவில்லை.

முடிவுரை

பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைச் சலுகை என்ற ஒரே சொல்லாற் சுட்டலாம். அதன் மரபை உரிமை என்ற ஒரே சொல்லாற் சுட்டலாம். முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்ற பாதை நேரானதன்று. வறியோர், பெண்கள், அடிமைகள், சிறுபான்மை மொழியினர் என ஒவ்வொருவரும் அப்பாதையில் நிறுத்தப்பட்டனர். ஆயினும் தம்மை நிறுத்தியோரை எதிர்த்து வழக்காட அவர்கள் எடுத்த அளவுகோல் புரட்சியே வழங்கியதாகும். தன்னைத் தானே குற்றஞ்சாட்டுதற்குரிய சட்டத்தை இயற்றித் தந்தமையே அதன் தலையாய பெருமை எனலாம். 1789ஆம் ஆண்டுப் பிரகடனத்திற்கு அரசியல் யாப்பின் வலுவுண்டு எனப் பிரெஞ்சு யாப்புச் சபை 1971இலே தீர்ப்பளித்தது. அரசியற் கனவாகப் பிறந்தது 182 ஆண்டுகளின் பின் அரசைக் கட்டுப்படுத்துஞ் சட்டமாகியது.

ஆனால் ஒரு வினாவைப் புரட்சி தீர்க்கவில்லை. எல்லோருக்குஞ் சமவுரிமை என்பதற்கு எல்லோரும் ஒரே வகையினராதல் வேண்டும் என்பதே பொருளா? தன் மொழியையும் தன் சமூகத்தையும் துறவாமலே ஒருவன் சமமான குடிமகனாதல் இயலாதா? சலுகையை வெறுத்த புரட்சியாளர் வேறுபாடு ஒவ்வொன்றையும் சலுகையென ஐயுற்றனர். வேறுபாட்டைப் பேணுதல் வேறு, சலுகை கோருதல் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அத்தெளிவை அடைதல், அப்புரட்சியைப் பயிலும் பிற்காலத்தவர் செய்யவேண்டிய பணியாக எஞ்சியுள்ளது.